மேயரின் காது

என் கணவர் ஆன்செல்ம் ராணுவத்தில் பாலம் கட்டும் பொறியாளர். கேப்டனாகப் போரிலிருந்து திரும்பியவரை ஊரார் பிடித்து மேயராக்கிவிட்டார்கள். குண்டுச் சத்தத்தில் அவர் காது போன சங்கதி மட்டும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பதவி போகும். ஆற்றுக்குக் குறுக்கே அவர் ஆசையாக வரைந்து வைத்திருந்த பாலமும் போகும்.

ஆகவே ஊர் மன்றம் கூடும்போதெல்லாம் பார்வையாளர் பெஞ்சில் நான் ஆஜர். பெண்களுக்கு அங்கே ஓட்டும் கிடையாது, வாயும் கிடையாது. நான் சால்வையை இழுத்தால் 'சரி', மூக்கைத் தொட்டால் 'முடியாது'. சும்மா இருந்தால், "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்பார். நன்றாகக் காது கேட்கிற அரசியல்வாதிகளும் அதைத்தானே சொல்கிறார்கள்!

மாவுமில் ஃபிர்மின் மட்டும் எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுவார். அவருடைய ஒரே மகன் லெயோன்ஸ், என்னவரின் படையில் பாலம் போடும்போது செத்துப்போனான். ஆறுதல் சொல்ல என்னவர் எத்தனையோ முறை போனார். மனிதர் முகங்கொடுத்துப் பேசவில்லை.

பாலத்துக்கு ஓட்டெடுப்பு வந்தது. ஃபிர்மின் எழுந்தார்.

"போடுங்க, நல்லாப் போடுங்க! நம்ம கேப்டனுக்குப் பாலம்னா அல்வா சாப்பிடற மாதிரி. ஊரான் பிள்ளைங்கதானே தண்ணில போகுது?"

"வார்த்தைய அளந்து பேசுய்யா!" என்றது ஒரு குரல்.

ஃபிர்மின் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க கேப்டன். எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சைகை காட்டவே தோன்றவில்லை.

"அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்," என்றார் என்னவர், சிரித்த முகமாக.

ஃபிர்மின் வெளிறிப்போய் நாற்காலியைத் தூக்கினார்.

"ஐயோ, அடிச்சிராதீங்க! அவருக்குக் காது கேக்காது!" என்று கத்திவிட்டேன்.

மன்றமே என் பக்கம் திரும்பியது. என் முகத்தைப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது என்னவருக்கு விளங்கிவிட்டது. பாவம், கோபம்கூடப் படவில்லை. நேரே ஃபிர்மினிடம் போனார்.

"இந்தக் காதுல கொஞ்சம் கேக்கும். சத்தமாச் சொல்லுங்க."

ஃபிர்மின் அந்தக் காதில் வாய் வைத்து, அதே கேள்வியை ஊரே கேட்கக் கத்தினார்.

"என் மடியிலதான் இருந்தான், அப்ப எனக்குக் காது நல்லாக் கேக்கும்," என்றார் என்னவர். "குளிருது கேப்டன், எங்கப்பா வைக்கிற பூண்டு சூப் ஒரு வாய் கெடச்சாப் போதும்னான்."

"என் சூப்பா?" ஃபிர்மினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அவங்கம்மா போனதுலேருந்து நான்தான் வைப்பேன். கழனித்தண்ணின்னு தெனம் திட்டுவானே, படுவா!"

"செவிட்டு மேயர் எதுக்கு நமக்கு?" என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்.

"எவன்டா அவன்?" என்று ஃபிர்மின் திரும்பிப் பார்த்தார். முனகியவர் தலையைக் குனிந்துகொண்டார். பாலத்துக்கு மற்ற எல்லாக் கைகளும் உயர்ந்தன.

ஃபிர்மின் அதைக் கவனிக்கவே இல்லை. மறுபடி என்னவர் காதருகே குனிந்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க கேப்டன். அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க."