டிராம்போனுக்கு எத்தனை குதிரைசக்தி

லிங்கராஜபுரத்தில் பஸ் திரும்பும் முனையிலிருந்து நான்காவது வீடு கிளாரன்ஸுடையது. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. அங்கேதான் 'ஸ்டார் ஆஃப் ஜோர்டான்' பேண்டு செட்டின் பதினோரு பேரும் தினமும் கூடி, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் ஊதித் தள்ளுவார்கள். கல்யாணம், கோயில் திருவிழா, சாவு, தேர்தல் வெற்றி என்று எல்லாவற்றுக்கும் கிளாரன்ஸ்தான். தன் தயவு இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு மனுஷன் மாப்பிள்ளையாகவும் முடியாது, பிணமாகவும் முடியாது என்பது அவருடைய எண்ணம். எண்ணத்தோடு நிறுத்தாமல் அடிக்கடி சொல்லியும் காட்டுவார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆகஸ்டில் அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அவர் வீடு குடியிருப்பு மண்டலத்தில் இருக்கிறது. குடியிருப்பு மண்டலத்தில் வீட்டில் வைத்து நடத்தத்தக்க தொழில்கள் மொத்தம் இருபத்தேழு. அந்த இருபத்தேழில் பேண்டு செட் இல்லை. ஆகவே காலி செய்யவும். பட்டியலையும் கூடவே இணைத்திருந்தார்கள். தையல் இருந்தது, மாவு மில் இருந்தது, அப்பளம் இருந்தது, ஜோசியம்கூட இருந்தது.

"எப்ப சாவான்னு சொல்றவனுக்கு இடம் இருக்குதாம். செத்தப்புறம் வந்து மரியாதையா அனுப்பி வைக்கிறவனுக்கு இல்லையாம்!" என்று கிளாரன்ஸ் குதித்தார்.

"குதிச்சு இன்னா பிரயோஜனம்? எங்க அண்ணன் கடைக்குப் போயிடுங்க," என்றாள் அவர் மனைவி பியாட்ரிஸ். அவளுடைய அண்ணனுக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு ஃபர்னிச்சர் கடை. வாசலில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன், வருகிறவர்களை 'வாங்க, உக்காந்து பாருங்க' என்று சொன்னால் போதும் என்று அவர் பத்து வருஷமாக மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நாற்காலிப் பேச்சை எடுத்தாலே கிளாரன்ஸ் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். வேறு இடம் பார்க்கலாம் என்றால், சாவுக்கு வாசிக்கிற செட்டுக்கு வாடகைக்கு விட எந்த வீட்டுக்காரனும் தயாராக இல்லை. ஒன்பது பேரிடம் கேட்டுப் பார்த்தாயிற்று. மாடி அறை போனால் பேண்டு போச்சு, அவ்வளவுதான்.

புகார் கொடுத்தவன் பக்கத்து மாடியில் குடியிருந்த எத்திராஜ். வேலூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர்க்காரன். ஏதோ அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, இரண்டாயிரமாம் வருஷம் பிறந்ததும் கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அவன் உத்தியோகம். அமெரிக்காக்காரன் விழித்திருக்கும்போது இவனும் விழித்திருக்க வேண்டும். ஆகவே காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுப்பான்.

நில உபயோகம் மற்றும் சுற்றுச்சூழல் விதிகள் மறுஆய்வுக் குழு என்று ஒன்று அப்போதுதான் அமைத்திருந்தார்கள். அந்தப் பெயர் ஒரே பலகையில் அடங்காமல் இரண்டு பலகைகளில் தொங்கியது. தலைவர் சீனிவாசராகவன், ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர். விதிப்புத்தகத்தைத் திறக்காமல் தும்மக்கூட மாட்டார் என்று பெயர். பட்டியலைத் திருத்தும் அதிகாரம் அந்தக் குழுவுக்குத்தான் என்று கேள்விப்பட்டு கிளாரன்ஸ் மனுப் போட்டார். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு, செட்டில் டிராம்போன் என்ற நீளமான பித்தளைக் குழலை ஊதும் சின்னப்பாவை அழைத்துக்கொண்டு போனார். சின்னப்பா கையோடு டிராம்போனையும் கொண்டுவந்திருந்தார்.

"உங்க தொழில் இந்த இருபத்தேழுல எதோட சேரும்? அதைச் சொல்லுங்கோ மொதல்ல," என்றார் தலைவர்.

"எதோடயும் சேராது சார். இது கலை."

"கலைன்னு ஒரு ஐட்டம் கெடையாது." புத்தகத்தைப் புரட்டினார். "சத்தம் போடறதுன்னு பார்த்தா மாவு மில் ஒண்ணுதான் கிட்ட வரது. மாவு மில்லுக்கு அஞ்சு குதிரைசக்தி வரைக்கும் அனுமதி உண்டு. இது எத்தனை?" என்று டிராம்போனைக் காட்டினார்.

கிளாரன்ஸ் சின்னப்பாவைப் பார்த்தார். சின்னப்பா நாற்பத்தெட்டு கிலோ இருந்தால் அதிகம். "சார், குதிரையா? இவரு காலையில ரெண்டு இட்லி துன்னுட்டு வந்து ஊதுறாரு."

குழுவின் உதவிப் பொறியாளர் ஞானசேகரன் இளைஞர், பொறுப்பானவர். அவர் உண்மையாகவே காகிதத்தை எடுத்து மூச்சின் வேகம், குழாயின் விட்டம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து, "ஒரு ஆளுக்கு ஐந்நூறுல ஒரு பங்கு குதிரை வருது சார்," என்றார். குழு உறுப்பினர்கள் அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள்.

எத்திராஜ் எழுந்தான். கண் இரண்டும் சிவந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். "சார், எனக்குக் குதிரைக் கணக்கெல்லாம் வேணாம். நான் படுத்துக் கண்ணை மூடினா சாவுப் பாட்டு கேக்குது. தினமும் என் சாவுக்கு நானே போய்ட்டு வர்றேன் சார். மூணு வருஷமா தூக்கம் இல்ல."

அவன் சொன்ன விதத்தில் ஒரு நிமிஷம் கிளாரன்ஸுக்கே பாவமாக இருந்தது. ஆனால் அந்த நாற்காலி ஞாபகம் வந்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். குடியிருப்புப் பகுதியில் பகலில் ஐம்பத்தைந்து டெசிபெல் வரைதான் சத்தம் இருக்கலாம். அதற்கு மேல் ஏற்கெனவே இருக்கிற இடமானால், புதிதாக எதுவும் அதைக் கூட்டக் கூடாது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வந்து அளப்போம். கூடினால் காலி. சீருடையோடு தயாராக இருக்க வேண்டும்.

கிளாரன்ஸ் மூன்று நாள் யோசித்தார். அவர்களுக்குத் தெரிந்ததிலேயே மெதுவானது, சவ ஊர்வலத்தில் வாசிக்கும் பாட்டு ஒன்று. அதையே வாசிப்பது, அதுவும் குழாய்களின் வாயில் பழைய துணியை அடைத்து வாசிப்பது என்று முடிவு செய்தார். சீருடை இரண்டு செட் உண்டு. கல்யாணத்துக்குச் சிவப்பு, சாவுக்குக் கறுப்பு. பெரிய அதிகாரிகள் வருகிறார்களே, மரியாதையாக இருக்கட்டும் என்று எல்லாரையும் கறுப்புக் கோட்டில் வரச் சொன்னார்.

வியாழக்கிழமை ஜீப் வந்தது. தலைவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. "எல்லாரும் கீழ வந்து தெருவுலயே வாசியுங்கோ," என்றுவிட்டார். ஞானசேகரன் முக்காலி போட்டு அதன்மேல் சத்தம் அளக்கும் மீட்டரை வைத்தார். முதலில் பேண்டு இல்லாமல் அளந்தார்கள். பஸ் ஹார்ன், ஆட்டோ, ஸ்கூட்டர், எதிரே வெல்டிங் கடை, மீன்காரியின் குரல். மீட்டர் எழுபத்தாறு காட்டியது.

"சொல்ப சரியாப் பாருப்பா. இது குடியிருப்புப் பகுதிதானே?" என்றார் தலைவர். ஞானசேகரன் மறுபடி பார்த்தார். எழுபத்தேழாகியிருந்தது.

கிளாரன்ஸ் மனசுக்குள் ஜெபித்துக்கொண்டு கையைத் தூக்கினார். பேண்டு தொடங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மாடியில் வாசித்தால் தெரு அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. ஆனால் பதினோரு பேர் கறுப்புக் கோட்டில் தெருவில் நின்று அந்தப் பாட்டை வாசிக்கிறார்கள், பக்கத்தில் கவர்மென்ட் ஜீப், அதன் அருகே ஆறு பெரிய மனிதர்கள் இறுகிய முகத்தோடு கைகட்டி நிற்கிறார்கள் என்றால் தெரு என்ன நினைக்கும்? சவம் வருகிறது என்றுதான் நினைக்கும். வெல்டிங் கடைக்காரர் மிஷினை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரைப் பாதி இறக்கின. ஆட்டோக்காரர்கள் எஞ்சினை நிறுத்தினார்கள். மீன்காரி கூடையை இறக்கி வைத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். முனையில் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திக் கன்னடத்தில், யார் போனது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பெரிய ஆபீசர் என்று ஒருவர் சொன்னார். பூக்காரர் ஒரு மாலையைக் கொண்டுவந்து, எங்கே போடுவது என்று தெரியாமல் மீட்டர் முக்காலிக்குப் போட்டுக் கும்பிட்டார். ஓர் அம்மாள் சீனிவாசராகவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விதிப்புத்தகத்தில் இதற்கு எதுவும் இல்லாததால் அவரும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

மாலைக்குள்ளே கையை விட்டு மீட்டரைத் திருப்பிப் பார்த்த ஞானசேகரனுக்கு வியர்த்துவிட்டது. "சார், அறுபத்தொண்ணு."

"பேண்டு நின்னுடுத்தா?"

"வாசிச்சிட்டுதான் இருக்காங்க சார். பேண்டு வாசிச்சா சத்தம் பதினாறு குறையுது சார்."

அறிக்கையில் புகார்க்காரரின் கையெழுத்தும் வேண்டும். ஞானசேகரன் பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினார். எத்திராஜின் மனைவி ஜெயலட்சுமி கதவைத் திறந்து, வாயில் விரலை வைத்தாள். "மெதுவா சார். கல்யாணமானதுல இருந்து இன்னிக்குத்தான் இப்படித் தூங்குறாரு. தயவுசெஞ்சு எழுப்பாதீங்க."

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. பட்டியலில் இருபத்தெட்டாவதாகப் பேண்டு செட் சேர்க்கப்பட்டது. ஒலிக் குறைப்பு நடவடிக்கை என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். நிபந்தனை மூன்று. பரிசோதிக்கப்பட்ட பாட்டை மட்டுமே வாசிக்க வேண்டும். கறுப்புச் சீருடையில், தெருவில் நின்றுதான் வாசிக்க வேண்டும். தினமும் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை கட்டாயம் வாசிக்க வேண்டும்.

முதல் வாரம் தெரு தினமும் ஏமாந்து நின்றது. சவம் இல்லை என்று தெரிந்த பிறகும், அந்தப் பாட்டு காதில் விழும்போது வியாபாரம் செய்ய யாருக்கும் மனசு வரவில்லை. அந்த நேரத்தை எல்லாரும், ஒரு காபியை இருவர் பங்கிட்டுக் குடிக்கும் பை-டூ காபிக்கு ஒதுக்கிக்கொண்டார்கள். பேண்டுதான் திண்டாடியது. கல்யாணப் பாட்டுகளைப் பழக வழியில்லை. அருகில் ஒரு ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டும் நேரத்தில் சின்னப்பா தன்னை மறந்து தெருப் பாட்டுக்குத் தாவிவிட்டார். பெண்ணின் தகப்பனார் துரத்திய துரத்தலில் பெரிய டிரம் அங்கேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு கல்யாணக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வெறும் சாவை நம்பிப் பதினோரு குடும்பம் நடக்குமா? கிளாரன்ஸ் மறுபடி நாற்காலியைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்.

டிசம்பரில் சீனிவாசராகவன் தாமே வந்து நின்றார். தை மாதக் கடைசியில் அவர் மகனுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைத் திறந்த காரில் வைத்து ஊர்வலம். "பேண்டு நீங்கதான் வாசிக்கணும்," என்றார்.

"வாசிச்சிடலாம் சார்," என்று கிளாரன்ஸ் உத்தரவை எடுத்து அவர் முன்னால் விரித்தார். "ஆனா எங்களுக்கு இப்ப ஒரே பாட்டுதான் தெரியும். மத்ததைப் பழகினா சட்ட விரோதம். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

தலைவர் கண்ணை மூடிப் பார்த்தார். திறந்த காரில் மாலையும் கழுத்துமாக மகன், முன்னால் அந்தப் பாட்டு, வழியெல்லாம் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிக் கும்பிடுகிறார்கள். "பெருமாளே!" என்று அலறிவிட்டார்.

மறுநாளே திருத்த வரைவு வெளியானது. எந்தப் பாட்டும், எந்த நிறமும், எந்த நேரமும். கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் முப்பது நாள் பொதுமக்கள் ஆட்சேபணைக்கு விட வேண்டும், ஒரே ஓர் ஆட்சேபணை வந்தாலும் விசாரிக்க வேண்டும் என்பது விதி. இருபத்தொன்பது நாள் ஒன்றும் வரவில்லை. முப்பதாவது நாள் ஒன்று வந்தது. அனுப்பியவர் எத்திராஜ்.

விசாரணையன்று கிளாரன்ஸ் ஜெபித்துக்கொண்டே வந்தார். இந்தத் தடவை தலைவரும் பெருமாளை வேண்டிக்கொண்டே வந்தார். எத்திராஜ் தலைவாரி, பொத்தானை ஒழுங்காகப் போட்டு, கன்னம் இரண்டும் உப்பியிருக்க வந்து நின்றான்.

"இன்னும் என்னப்பா வேணும் உனக்கு?" என்றார் தலைவர்.

"சார், இவங்க என்ன பாட்டு வேணா பழகட்டும், எப்ப வேணா வாசிக்கட்டும். ஆனா அந்தப் பதினோரு மணிப் பாட்டைக் கட்டாயம் இல்லன்னு எடுத்துடாதீங்க." கையைக் கூப்பினான். "எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் புரண்டுட்டே இருப்பேன் சார். இவங்க ஆரம்பிச்சதும் தெரு அடங்கிடுது. அப்பதான் கண்ணு சொருகுது. அந்த ஒரு மணி நேரம் தூங்கிட்டா, அப்புறம் இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டேன். உத்தரவுல ஒரு வரி போட்டுடுங்க சார்."

கிளாரன்ஸ் எழுந்து ஓடினார். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து சபித்த பையனைக் கட்டிக்கொண்டு அழுதார். "உத்தரவு எதுக்குப்பா? நான் வாசிக்கிறேன், நீ தூங்கு," என்றார். தலைவர் மூக்கைச் சிந்திக்கொண்டு திருத்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணியிலிருந்தே மாடி அறையில் ஜானவாசப் பாட்டுகள் அதிர்ந்தன. பதினொன்றுக்குப் பதினோரு பேரும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினார்கள். வெல்டிங் மிஷின் நின்றது. காபி வந்தது. இரண்டாவது சரணத்துக்குப் போவதற்குள் பக்கத்து மாடி ஜன்னலிலிருந்து குறட்டை கேட்டது. கிளாரன்ஸ் கையைத் தாழ்த்தி எல்லாரையும் இன்னும் மெதுவாக வாசிக்கச் சொன்னார். இத்தனை வருஷத்தில் வாங்கிய கைதட்டல் எதுவும் தனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை என்று அன்று சாப்பிடும்போது பியாட்ரிஸிடம் சொன்னார்.