தர்மராஜுக்கு வந்த தபால்

"கையில துணியச் சுத்திக்கிட்டு ஊத்துங்க!"

நந்தினி போட்ட சத்தத்தில் பறை அடித்துக்கொண்டிருந்தவர்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டார். பெஞ்சில் கிடத்தியிருந்த, இறந்துபோன தன் அப்பா தர்மராஜின் தலையில் குடத்தைச் சாய்க்கப் போன அவள் புருஷன் சிவபாலன் நிமிர்ந்து பார்த்தான். அவன் வலது உள்ளங்கையில் முந்தாநாள் நைலான் கயிறு அறுத்த காயம் இன்னும் வாயை மூடவில்லை. கட்டியிருந்த துணி எப்போதோ அவிழ்ந்து விழுந்துவிட்டது.

"பெத்த அப்பனக் குளுப்பாட்ட கையில துணி கட்டணுமா? நல்லாருக்கே ஞாயம்" என்றார் பங்காளி ஒருவர்.

"வயக்காட்டு வூட்டுப் பொண்ணு. அதுக்கு என்னா தெரியும்?" என்றது இன்னொரு குரல்.

சிவபாலன் வெறுங்கையாலேயே தண்ணீரை ஊற்றினான், அதே கையால் அப்பாவின் வாயோரத்தைத் தேய்த்துத் துடைத்தான். விடியற்காலை கடைசியாக இருமியபோது தர்மராஜ் தலையணையில் கொஞ்சம் ரத்தம் கக்கியிருந்தார். அதையும் இந்தக் கைதான் துடைத்தது. நந்தினி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இது ஐந்தாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சி பிணத்தின் அருகில் போகக்கூடாது என்று காலையிலேயே அவளை அடுத்த வீட்டு வாசற்படியில் உட்கார வைத்துவிட்டார்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள், சுவரும் சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்பவை. உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாமே தெரிந்தது. பட்டினச்சேரியில் அன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. ஒரு சாவு விழுந்தால் ஊரே கரையில் நிற்பதுதான் அங்கே வழக்கம்.

மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. இப்போது ஒன்றரை. எடுத்துக்கொண்டு போய் எரித்துவிட்டால் அப்புறம் எந்த டாக்டரும் எதையும் பரிசோதித்துச் சொல்ல முடியாது. காலையிலிருந்து அவள் தலைக்குள் ஓடியது இது ஒன்றுதான். மாமனார் செத்த வீட்டில் மருமகள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று பெண்கள் முணுமுணுத்ததும் அவள் காதில் விழத்தான் செய்தது. அழுவதற்கு அவளுக்கு நேரமில்லை.

கடிதம் அவள் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. இருபத்திரண்டு நாளாக அங்கேதான் இருக்கிறது, இரவில் மட்டும் அரிசி டின்னுக்கு இடம் மாறும்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் வந்த தபால் அது. தர்மராஜ் பெயருக்கு, ஏதோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து, இங்கிலீஷில். மாமா தூங்கிக்கொண்டிருந்ததால் அவள்தான் பிரித்தாள். பிளஸ் டூ படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டிப் புரட்டி, சாயங்காலத்துக்குள் முதல் பக்கத்தை ஒருவழியாகத் தேற்றினாள். உங்கள் ரத்தத்தை ஆராய்ந்தோம். அதில் ஒரு மாற்றம் இருக்கிறது. அது தகப்பனிடமிருந்து மகனுக்குத் தப்பாமல் போகும். உங்கள் ஆண் வாரிசுகள் எல்லாரிடமும் அது இருக்கும். அதற்கு மேல் படிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு உலக வரைபடம். ஆப்பிரிக்காவில் கிளம்பிய சிவப்புக் கோடு ஒன்று கடலோரமாக வளைந்து வந்து இந்தியாவின் காலடியில் நின்றது.

ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு ரத்தத்தில் பரவுவது என்று அவள் படித்திருந்தது ஒரே ஒரு நோயைத்தான். மாமா ஒரு காலத்தில் ஆறு ஆறு மாதம் கொச்சிப் பக்கம் தொழிலுக்குப் போய் வந்தவர் வேறு. ஒன்றோடு ஒன்றைக் கூட்டிப் பார்த்தாள். சுனாமிக்கு மறுவருஷம் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். கண்ணுக்கு ஒரு மேசை, சர்க்கரைக்கு ஒரு மேசை, ரத்தம் எடுக்க ஒரு மேசை. கேட்டவர்களுக்கெல்லாம் ஊர் கையை நீட்டியது. மாமாவும் நீட்டினார். அதன் விடைதான் இது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

இதைப் போய் யாரிடம் சொல்வது? புருஷனிடம் 'உங்கள் அப்பாவுக்கு இந்த மாதிரி' என்று எந்த வாயால் சொல்வது? கடிதம் வந்த பத்தாம் நாள் மாமா படுக்கையில் விழுந்தார். நுரையீரல் கெட்டுவிட்டது, நாற்பது வருஷத்து பீடி என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவள் நம்பவில்லை. மாமாவின் எவர்சில்வர் தம்ளருக்கு யாரும் பார்க்காதபோது ஒரு கறுப்பு நூலைக் கட்டி, தனியாகக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தாள். ஊரில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எல்லாரும் ஆண் பிள்ளை வேண்டுமென்று அம்மனுக்கு விளக்குப் போட்டார்கள். நந்தினி பெண்ணாய்க் கொடு தாயே என்று தினமும் கும்பிட்டாள்.

மாமா மட்டும் ஒவ்வொரு மத்தியானமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"தபால் வந்துச்சா ஆயி?"

"இல்ல மாமா."

நேற்றும் கேட்டார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நேற்றும் அவள் இல்லை என்றுதான் சொன்னாள்.

குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, திருநீறு பூசிப் பந்தலில் கிடத்தினார்கள். அத்தை அமிர்தம் அழுது அழுது குரல் கம்மி, கணவரின் கால் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிழவி நந்தினியின் வயிற்றைக் கை காட்டி, "அழுவாத அமிர்தம். ஆம்புளப் புள்ளயா இவரே வந்து பொறப்பாரு பாரு" என்றாள். நந்தினி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

ஒருவழியாக இரண்டு மணிக்கு ஆரிபாவின் ஸ்கூட்டி தெருமுனையில் தெரிந்தது. நந்தினியோடு பிளஸ் டூ வரை ஒரே பெஞ்சில் இருந்தவள் ஆரிபா. விலங்கியல் படித்துவிட்டுக் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். காலையில் போனில் நந்தினி பேசிய விதத்தைக் கேட்டுவிட்டு அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"என்னடி ஆச்சு? மொகம் ஏன் இப்புடி இருக்கு?"

நந்தினி அவளை இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கொல்லைக்குப் போனாள். காய்ந்துகொண்டிருந்த வலைக்குப் பின்னால் நின்று கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். வியர்வையில் நனைந்து மடிப்பெல்லாம் கிழியும் பதத்தில் இருந்தது.

"சீக்கிரம் படி. எத்தன பேருக்கு ஒட்டியிருக்கும்? அவரு காயம் பட்ட கையாலயே தொட்டுட்டாருடி. வயித்துல இருக்கிறதுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா? மாமாவ எடுக்கிறதுக்கு இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு, அதுக்குள்ள நான் அவருகிட்ட சொல்லியாவணும்."

ஆரிபா படித்தாள். முதல் பக்கத்தை முடித்து இரண்டாம் பக்கத்துக்குப் போனாள். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"யா அல்லா" என்று ஆரிபா மெதுவாகச் சொன்னாள். "இத வெச்சுக்கிட்டா இத்தன நாளு பயந்துகிட்டு இருந்த? இது நோயே இல்லடி."

"மாற்றம்னு போட்டிருக்கு. ஆம்புளப் புள்ளைக்கெல்லாம் வரும்னு போட்டிருக்கு."

"வரும். வந்தா ஒண்ணும் பண்ணாது." ஆரிபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரத்தத்துல எழுத்து மாதிரி ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்க. அப்பன் அத அப்புடியே பாத்து எழுதிப் புள்ளைக்குக் குடுப்பான். எப்பவோ ஒரு ஆளு எழுதறப்ப ஒரு எழுத்து மாறிப் போச்சு. அதுக்கப்பறம் அவன் புள்ள, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாருகிட்டயும் அந்தத் தப்பு அப்புடியே வரும். அத வெச்சுத்தான் யாரு எங்கேர்ந்து வந்தாங்கன்னு கண்டுபுடிக்கிறாங்க. ஒங்க மாமாகிட்ட இருக்கிறது ரொம்பப் பழசாம். ஆப்பிரிக்காவ வுட்டு மொதல்ல கெளம்புன கூட்டத்தோட அடையாளம். அம்பதாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும்னு எழுதியிருக்காங்க."

"இந்தக் கோடு?"

"நடந்து வந்த வழி. கடலோரமாவே வந்திருக்காங்க. மட்டி பொறுக்கிக்கிட்டு, நண்டு புடிச்சிக்கிட்டு, மீன அடிச்சுத் தின்னுகிட்டு. அப்ப நெல்லு ஏது, வயலு ஏது? வெதச்சுப் போட்டுட்டு ஒரே எடத்துல ஒக்காந்ததெல்லாம் இப்ப, பத்தாயிரம் வருஷத்துக்குள்ளதான். எல்லாருமே அங்கேர்ந்து வந்தவங்கதான் நந்தினி. நான், நீ, ஒங்கப்பா, எல்லாரும். இவங்க ஆளுங்க கடல வுடாமலே வந்துட்டாங்க, அவ்வளவுதான்."

நந்தினி வலைக்கம்பைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது நிம்மதிதான், அதை மறைப்பானேன். வயிற்றை இரண்டு கையாலும் தடவிக்கொண்டாள். இருபத்திரண்டு நாள் கழித்து மூச்சு ஒழுங்காக உள்ளே போய் வெளியே வந்தது. அந்த மூச்சு முடிவதற்குள் 'தபால் வந்துச்சா ஆயி' என்ற குரல் காதில் கேட்டது.

அவள் எழுந்து விறுவிறுவென்று பந்தல் ஓரத்துக்குப் போய் அத்தையைச் சாடை காட்டி அழைத்தாள்.

"அத்த, மாமா தெனம் தபால் தபால்னு கேட்டாங்களே, எதுக்கு?"

அமிர்தம் மூக்கைச் சிந்திக்கொண்டு அவளை ஏறிட்டாள். "இப்ப எதுக்கு அது? ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு."

"சொல்லுங்க அத்த."

"ஒங்க கலியாணத்தப்ப ஒங்கப்பா நாலு பேரு முன்னால கேட்டாருல்ல, 'எங்களுக்குப் போலகத்துல பத்துத் தலமொறையா நெலம் இருக்கு, நீங்க எங்கேர்ந்து வந்தவங்கன்னு ஒங்களுக்காவது தெரியுமா'ன்னு. இவரு பதில் சொல்லாம வந்துட்டாரு. கலியாணம் முடிஞ்ச கையோட நடந்துச்சே, அந்த முகாமுல ரத்தம் எடுத்த தம்பி, ஒங்க பூர்வீகம் என்னான்னு காயிதத்துல எழுதி அனுப்புவோம்னு சொல்லியிருக்கு. அதத்தான் எதிர்பார்த்துக்கிட்டுக் கெடந்தாரு. வந்தா எடுத்துக்கிட்டுப் போயி சம்பந்திகிட்ட காட்டணும்பாரு. ஒனக்குத் தெரிஞ்சா மனசு சங்கடப்படுவேன்னு சொல்லல."

நந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். "தம்ளர்ல நூலு கட்டியிருந்தேன். அது..."

"அதயும் பாத்தாரு" என்றாள் அமிர்தம். "வாயும் வயிறுமா இருக்கு, இருமல் ஒட்டிக்கும்னு பயப்படுது, ஒண்ணும் கேட்டுறாதன்னாரு. எழுந்திரிக்க முடிஞ்ச வரைக்கும் அவரே கழுவி அவரே கவுத்து வெச்சுக்கிட்டாரு."

அமிர்தம் குற்றமாக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று நந்தினிக்கு இருந்தது.

இரண்டேமுக்காலுக்கு ஒரு டாக்ஸி வந்து நின்றது. போலகத்திலிருந்து வந்த நந்தினியின் அப்பா தெட்சிணாமூர்த்தி இறங்கினார். பெண்ணைக் கொடுத்த இரண்டு வருஷத்தில் இந்த வாசலை மிதிக்காத மனிதர். சாவுக்கு வராமல் இருக்க முடியாதே, சம்பந்தி முறைக்குக் கோடித் துணியும், சொந்த வயலில் விளைந்த பச்சரிசியை ஒரு சிறு பையிலும் கொண்டு வந்திருந்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பந்தலில் அப்படியே நின்றார். அமிர்தம் எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். அந்த அரிசியைத் தட்டில் கொட்டி வாய்க்கரிசிக்கு வைத்தார்கள்.

பெண்கள் ஒவ்வொருவராக அரிசி போட்டார்கள். கடைசியில் நந்தினி போய் நின்றாள்.

"ஏ, புள்ளத்தாச்சி கிட்ட வராத!" என்று நாலு பேர் பதறினார்கள்.

"வுடுங்க" என்றாள் அமிர்தம்.

நந்தினி மூன்று முறை அரிசி போட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"தபால் வந்துருச்சு மாமா. அன்னைக்கே வந்துருச்சு" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் வெடித்து அழுதாள். காலையிலிருந்து அவளைப் பற்றி முணுமுணுத்த பெண்கள்தான் முதலில் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள்.

பாடை தூக்கினார்கள். சிவபாலன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். அந்த ஊரில் சுடுகாட்டுக்கு ரோடு கிடையாது, கடலோரமாகவே தெற்கே போகவேண்டும். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். தெட்சிணாமூர்த்தியும் அங்கேயே நின்றார். வந்த முறைக்கு வந்தாயிற்று, டாக்ஸி காத்திருக்கிறது.

நந்தினி அவரிடம் போய்க் கடிதத்தை நீட்டினாள். மூன்றாக மடிந்து கசங்கிய அந்தத் தாளை அவர் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. படத்தைப் பார்த்தார்.

"என்னது இது?"

"நீங்க மாமாகிட்ட கேட்டீங்கள்ல, எங்கேர்ந்து வந்தவங்கன்னு. அதுக்குப் பதில். அவங்களே கொண்டாந்து குடுக்கணும்னு இருந்தாங்க."

அவர் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து ஆப்பிரிக்காவிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு வந்தார். அரேபியக் கரை, குஜராத், கேரளம் என்று வந்து கோடு முடியும் இடத்தில் விரல் நின்றது. இன்னும் எதையோ தேடினார்.

"இதுல போலகம் எங்க இருக்கு?"

"அப்ப போலகம் இல்லப்பா."

பறைச் சத்தம் தூரமாகிக்கொண்டிருந்தது. அவர் கடிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்து அவளிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றித் தெருமுனையில் விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினார். வரப்பில் நடந்து பழகிய கால் மணலில் புதைந்து புதைந்து எழுந்தது. முன்னால் போனவர்களின் காலடி பதிந்த இடமாகப் பார்த்துக் காலை வைத்து, கடலோரமாக அவரும் நடக்க ஆரம்பித்தார்.