பட்டவர் கை தூக்கவும்

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என்னிடம் கேட்டது ஒரு வரலாறு. எங்கள் ஊர் ஆண்கள் வாலிபால் கிளப் புதிதாக ஓர் உள்ளரங்கம் கட்டியிருக்கிறது. திறப்பு விழாவுக்கு ஒரு புத்தகம் வேண்டுமாம். அணி எப்படிப் பிறந்தது, என்னென்ன கோப்பைகள் வாங்கியது, யார் யார் பெரிய ஆட்டக்காரர்கள் என்று எல்லாம் வர வேண்டும்.

"ரொம்ப யோசிக்காதீங்க சார், பெருமையா இருந்தா போதும்," என்றார் கிளப் மேனேஜர்.

பெருமையாக இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே மூக்கில் வியர்த்துவிடும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்தால் என்னைத்தான் சந்தேகப்படுவீர்கள். புதிய அரங்கத்துக்கு யார் பெயரை வைக்கப் போகிறார்களோ, அவர் என் அக்காவின் கணவர்.

2

முதல் தொடக்கம்: "டயர் தொழிற்சாலையின் பின்புறம், லாரிகள் திரும்பும் இடத்தில், வேலை முடிந்து வந்தவர்கள் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு கயிற்றைக் கட்டி, அந்தி வெளிச்சத்தில்

விட்டுவிட்டேன். அழகாக இருக்கிறது, அதுதான் சிக்கல். அந்தக் கயிற்றைக் கட்டியது 'நான்தான்' என்று இதுவரை நான் பார்த்த பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருமே சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "தொழில்முறை லீகில் மூன்று முறை சாம்பியன்." உண்மை. ஆனால் கிளப்பின் கோப்பை அறைக்குப் போனால், அந்த மூன்று கோப்பைகளும் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடக்கின்றன. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருப்பது ஒரு வெள்ளித் தட்டு. இரண்டாம் இடத்துக்குக் கொடுத்தது.

ஜெயித்ததைக் கீழே போட்டுவிட்டுத் தோற்றதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற கிளப்பை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் அங்கேதான் பேனாவைத் திறந்தேன்.

3

தட்டின் கதைக்கு முன்னால் இந்த அணியின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிரணி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் புள்ளி நமக்கு. ஆனால் போகிற வழியில், வலையோரம் தடுக்க எகிறியவன் விரலை அது லேசாக உரசியிருந்தால்கூடப் புள்ளி அவர்களுக்கு. அந்த உரசல் பல சமயம் நடுவர் கண்ணுக்குத் தெரியாது. மற்ற அணிக்காரர்கள் முகத்தைப் பச்சைப் பிள்ளை போல வைத்துக்கொண்டு நிற்பார்கள். இந்த அணியின் முதல் கோச் மட்டும் ஒரு சட்டம் போட்டிருந்தார். பட்டவன் கை தூக்கணும், அதுவும் விசில் வருவதற்கு முன்பே.

(நேர்மை என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எப்போதும் கை தூக்குகிற அணி ஒரு நாள் தூக்காமல் நின்றால், நடுவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவார். அந்தக் கோச் லேசுப்பட்ட ஆளில்லை.)

இறுதிப் போட்டி. ஐந்தாவது செட்டின் முடிவு. இன்னும் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் கோப்பை எதிரணிக்கு. அவர்கள் ஆள் ஓங்கி அடித்தான். இந்தப் பக்கம் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி எகிறினார்கள். ஒருவர் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர். ஆட்டக்காரர்கள் அவரைச் 'சுவர்' என்பார்கள். பக்கத்தில் இருந்தவர், அடிப்பவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டர். யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்று சீட்டாடுகிறவர் மாதிரி கடைசிவரை முகத்தில் காட்ட மாட்டார் என்பதால் அவருக்குச் 'சீட்டு' என்று பெயர். பந்து இருவர் கைகளையும் தாண்டி வெளியே விழுந்தது. பந்து வெளியே, புள்ளி நமக்கு என்று கோட்டு நடுவர் கொடியை உயர்த்தினார். அரங்கமே எழுந்து கத்தியது.

அப்போது மாமா கை தூக்கினார்.

அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. தோற்ற அணியைத்தான் மறுநாள் ஊரே கொண்டாடியது. இப்போது அந்தக் கைக்காகத்தான் அரங்கத்துக்கு அவர் பெயர்.

அடுத்த சீசனில் அவர் அதே எதிரணியில் போய்ச் சேர்ந்தார். மேனேஜர் தந்த குறிப்புகளில் இந்த வரி இல்லை.

4

சீட்டு இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மேசை, சுவரில் சாலைக் குறியீடுகள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"தாராளமா உங்க மாமா பேரை வைக்கட்டும். அன்னைக்கு மேடைக்கு முன்னாடி எந்திரிச்சு நின்னு கேப்பேன். வித்த ஆட்டத்துக்கா பேரு வைக்கிறீங்கன்னு."

"நிஜமாவே பட்டிருக்கலாமே, அண்ணே?"

"படல."

"அது அவருக்குத்தானே தெரியும்?"

"பக்கத்துல இருந்தது நானு. அதுதான் என் கடைசி ஃபைனல். அதுக்கப்புறம் எனக்கு ஒரு கோப்பையும் இல்ல." கைகளை மேசைமேல் விரித்துக் காட்டினார். "இந்த விரலைப் பாரு. ஒரு நாள்கூட டேப் சுத்தினதில்ல. செட்டருக்கு விரல்தான் கண்ணு. கொசு வந்து உக்காந்தாலும் தெரியும்."

கொசு என்று எழுதி அடியில் கோடு போட்டேன். ஏன் போட்டேன் என்று அப்போது தெரியாது.

[இந்த வரி பொய். வெட்ட வேண்டும். இந்த ஆள்மேல் ஒரு சந்தேகம் கிடைக்காதா என்றுதான் நான் அங்கே போனதே.]

5

அணியின் பழைய ஃபிசியோவைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் மூடாத மனிதர்.

"அரையிறுதியிலயே சுவருக்கு ரெண்டு கையிலயும் விரல் பிசகிருச்சு. ஃபைனலுக்கு முன்னாடி டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டாரு. நான் விரல் விரலா டேப் சுத்தினேன். சுத்தியலால அடிச்சாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அந்தக் கையோட ஆடினாருங்க மனுஷன்!"

பெருமையாகத்தான் சொன்னார். எதுவும் உணர முடியாதவர் கை தூக்கியிருக்கிறார். கொசு உட்கார்ந்தாலும் தெரிகிறவர் தூக்கவில்லை.

(ஃபிசியோவும் மாமாவும் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கேரம் ஆடுகிறவர்கள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

6

அக்கா வீட்டில் மாமா மிக்ஸியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"மாமா, அன்னைக்குப் பந்து பட்டது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? விரல்தான் மரத்துப் போயிருந்துச்சாமே."

"சத்தம் கேட்டுச்சு."

"அத்தனை கூட்டம் கத்துறப்பவா?"

"நமக்கு அந்தச் சத்தம் கேட்டுரும் மாப்ள. டேப் மேல பட்டா பொத்துனு இருக்கும். வெறும் தோல்ல பட்டா சுள்ளுனு இருக்கும்."

"அன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

ஸ்க்ரூடிரைவர் நின்றது. "டீ குடிக்கிறியா?" என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். "ஏன் அந்த டீமுக்குப் போனீங்கன்னு கேளுடா. நான் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன்."

"செட்டர் பந்து குடுக்கலைன்னா நான் வலைகிட்ட நின்னு வேடிக்கைதான் பாக்கணும். அந்த மேட்ச்சுக்கு அப்புறம் பிராக்டிஸ்லகூட அவன் எனக்கு ஒரு பந்து குடுக்கல. கூப்பிட்ட இடத்துக்குப் போனேன்." மறுபடியும் மிக்ஸிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அக்கா படிவரை வந்தாள். "வித்தவன்னு மேடையில ஒருத்தன் சொல்லிட்டா, அதுக்கப்புறம் இவரு எப்படிடா தெருவுல நடப்பாரு? நீ எழுதுறதுலதான் இருக்கு."

"நீ என்ன நினைக்கிற?"

"தெரியலடா. இத்தனை வருஷம் கூட இருந்தும் தெரியல. அதான் கொடுமை."

அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த இரக்கத்தை எந்தப் பத்தியில் வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. இங்கேயே இருக்கட்டும்.

7

முடிவு, முதல் வகை: மாமா விற்றார். பழக்கத்தையே போர்வையாகப் போர்த்திக்கொண்டார். கை தூக்கித் தோற்றவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கச்சிதமாகப் பொருந்துகிறது. என்னால் எழுத முடியவில்லை.

இரண்டாம் வகை: பந்து உரசியது சீட்டின் விரலை. சுள்ளென்ற சத்தம் மாமாவுக்குக் கேட்டது. நண்பன் கை தூக்கவில்லை. அணியின் பெயரும் நண்பனின் பெயரும் கெடாமலிருக்க, மாமா தன் கையைத் தூக்கினார். எழுதும்போதே எனக்கு இது பிடித்துப் போனது. அதனாலேயே இதை நம்ப மாட்டேன். என் குடும்பத்துக்கு இவ்வளவு வசதியான கதை எதற்காக என்னிடம் தானாக வந்து நிற்கிறது?

மூன்றாம் வகை: யார்மேலும் படவில்லை. கை பழக்கத்தில் தானாகத் தூக்கிக்கொண்டது. அப்படியானால் இத்தனை வருடப் பகையும்

வேண்டாம்.

8

புத்தகத்துக்குப் படம் எடுக்கப் பழைய அணியைப் புதிய அரங்கத்துக்கு வரவழைத்தார்கள். அந்தக் கடைசிப் பந்தை அப்படியே மறுபடி எடுக்க வேண்டும் என்றார் போட்டோகிராபர். சீட்டும் வந்திருந்தார். ஏன் வந்தார் என்று நான் யோசித்தபடியே இருந்தேன். மாமா, அன்றைக்கு மாதிரியே இருக்கட்டும் என்று ஃபிசியோவிடம் கையை நீட்டி விரல்களுக்கு டேப் சுற்றிக்கொண்டார். இரண்டு பேரும் வலையோரம் தோளோடு தோள் நின்றார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். எதிர்ப்பக்கத்திலிருந்து பந்தை வீசும் வேலை எனக்கு.

வீசினேன். இருவரும் எகிறினார்கள், அந்த வயதில் அதை எகிறல் என்று சொல்லலாம் என்றால். பந்து அவர்கள் கைகளுக்கு மேலே நன்றாக இடைவெளி விட்டுப் பறந்து வெளியே விழுந்தது. எங்கேயும் படவில்லை. அதை வீசியவன் நான், பார்த்தவனும் நான்.

மாமா கை தூக்கினார்.

கேமரா சொடுக்கியது. சீட்டு சட்டென்று அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"படலடா," என்றார். அந்த ஃபைனலுக்குப் பிறகு அவர் மாமாவிடம் பேசியது அது ஒன்றுதான்.

"தெரியும்டா," என்றார் மாமா.

மணிக்கட்டைச் சீட்டு விடவில்லை. மாமாவும் உருவிக்கொள்ளவில்லை. மாமாவோடு வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

இன்றைய பந்தைச் சொன்னார்களா, அன்றைய பந்தையா? இன்றையது என்றால் இரண்டு கிழவர்களின் கேலி. அன்றையது என்றால் ஒருவர் குற்றம் சாட்டியிருக்கிறார், மற்றவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அல்லது, உன்மேல் படவில்லை என்று ஒருவர் இத்தனை வருடம் கழித்து வாய்விட்டுச் சொல்ல, அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்று மற்றவர் சொல்லியிருக்கிறார். மாமாவிடம் கேட்டேன். "பந்தை எடுத்து உள்ள வை மாப்ள," என்றார். சீட்டிடம் கேட்டேன். "விழாவுக்கு வருவேன். முன்வரிசையில ஒரு நாற்காலி போடச் சொல்லு," என்றார். எழுந்து நிற்பதற்கா, உட்கார்ந்து கைதட்டுவதற்கா என்று சொல்லவில்லை.

அச்சகத்தில் அந்தக் கடைசிப் பந்தைப் பற்றிய ஒரு பக்கத்துக்காகக் காத்திருக்கிறார்கள். என் சாட்சி செல்லாது, நான் மச்சினன். ஃபிசியோ கேரம் கூட்டாளி. மேனேஜருக்குப் பெருமை வேண்டும். அக்காவுக்கு உண்மை வேண்டும், அது எந்தப் பக்கம் விழுந்தாலும் அவள் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

இவர்களில் யாருக்கும் உறவில்லாத ஆள் நீங்கள் ஒருவர்தான். எல்லாவற்றையும் வலைக்குப் பக்கத்திலிருந்தே பார்த்தீர்கள். அந்தப் பந்து யார்மேல் பட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தால் கை தூக்குங்கள், விசில் வருவதற்கு முன்பே.