முப்பத்தெட்டுக்கு மேல் வேண்டாம்

என் பெயர் வேலாத்தாள். ராயபுரத்தில் டி-சர்ட் காலர் பின்னுகிற ஒரே ஒரு கம்ப்யூட்டர் மிஷினை நம்பித்தான் என் பிழைப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை மிஷினின் டிரைவர் போர்டு புகைந்தது. மோட்டாரை ஓட்டுவதே அதுதான். மெக்கானிக் ஆறுச்சாமி வேறு போர்டு மாட்டியும் மிஷின் அசையவில்லை.

"போர்டு புதுசுங்க. உங்க மிஷினு எப்படி ஓடோணும்னு அதுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றார்.

வேகம், நூல் இழுவை என்று நூற்றுப் பன்னிரண்டு எண்கள் பழைய போர்டில் பிளாஷ் மெமரி என்கிற சின்னச் சில்லில் இருக்குமாம். மிஷின் செய்த கம்பெனியோ மூடியாகிவிட்டது. அந்தச் சில்லும் கருகியிருந்தால் மிஷின் பழைய இரும்புதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நல்லவேளை, சில்லு பிழைத்திருந்தது. ஆறுச்சாமி அதை லேப்டாப்பில் திறந்தார்.

"புது போர்டுல வரிசையே வேறங்க. வெறும் நம்பரா இருந்தா எது எதுன்னு தெரியாம முழிச்சிருப்போம். பக்கத்துலயே விளக்கம் எழுதி வெச்சிருக்காங்க. ஆருங்க இது?"

ரோஸ்மேரி. தூத்துக்குடிப் பெண். இரண்டு வருடம் என்னிடம் மிஷின் பார்த்தவள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அதை எழுதினாள். "நம்பருக்கெல்லாம் பேரு வெச்சு காது குத்தறியா?" என்று கத்தினேன். மிஷின் மெதுவாக ஓடுகிறது என்று தினமும் வேறு திட்டினேன். போன தை மாதம் அவள் வேறு கம்பெனிக்குப் போனபோது, விட்டது தொல்லை என்றுதான் இருந்தேன்.

விளக்கங்களைப் பார்த்துப் பார்த்து எண்களை ஏற்றிக்கொண்டே வந்த ஆறுச்சாமி, ஓரிடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

'மோட்டார் வேகம். 38க்கு மேல் வேண்டாம், போர்டு கருகிவிடும். அக்கா 45 வைக்கச் சொல்வார்கள். திட்டினாலும் ஏற்ற வேண்டாம், அவர்களுக்கு இருப்பது இந்த ஒரு மிஷின்தான்.'

பக்கத்தில் எண் 45 என்று இருந்தது. அவள் போன மறுநாளே ஆள் வைத்து ஏற்றச் சொன்னவள் நான்தான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மத்தியானம் மிஷின் முப்பத்தெட்டில் ஓடத் தொடங்கியதும் ரோஸ்மேரியைப் போனில் கூப்பிட்டேன்.

"நீ எழுதி வெச்சதுலதான் மிஷின் ஓடுது கண்ணு. இல்லீன்னா என்ற பொழப்பே போயிருக்கும். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."



"யக்கா," என்றாள் ரோஸ்மேரி, பதறிப்போய். "ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"