சம்பூர்ணம் பாடிய சினிமா மெட்டு

கனகமாலா எம்.லிட். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது நடவுப் பாட்டு. 1971 ஆவணியில் கூரத்து வயல்களில் ஐந்து நாள் அலைந்தாள். தோளில், சென்னையில் பல்கலைக்கழகத் துறையிலிருந்து இரவல் வாங்கி வந்த டேப் ரிக்கார்டர். அரிசி மண்டிக்காரர் வீட்டுப் பெண் சேற்றுக் காலோடு வரப்பில் நிற்பதைப் பார்த்து நடவுப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பாடினார்கள்.

கடைசி நாள், நடவுக்கு வந்திருந்த செல்லியம்மாளின் மகள் சம்பூர்ணம் தானாகவே முன்னால் வந்தாள். பதினேழு வயது. பஞ்சாயத்து ரேடியோவில் கேட்ட ஒரு சினிமா மெட்டுக்குச் சொந்தமாக வார்த்தை போட்டு, மேஸ்திரியைக் கேலி செய்து பாடினாள். பாதியில் சிரிப்பு வந்து நின்றாள், மறுபடி தொடங்கினாள். டேப்பை ஓட்டிக் காட்டியதும், "ஐயே, இதா என் குரலு? மூக்கால பாடற மாதிரி இருக்குதே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் மாணிக்கவாசகம் அதைக் கேட்டுவிட்டு, கூடாதென்று தலையசைத்தார். "சினிமா மெட்டெல்லாம் நாட்டுப் பாடல்ல சேராதும்மா. டேப் கிடைக்கிறதே பெரும்பாடு. அதை அழிச்சிட்டு உபயோகமா ஏதாவது பதிவு பண்ணு."

கனகமாலாவுக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. ஆனாலும் அடுத்த வாரமே ஐயம்பேட்டையில் ஒரு முதியவரின் ஏற்றப் பாட்டை அதன் மேலேயே பதிந்தாள்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் கனகமாலாவின் வீட்டு வாசலில் செல்லியம்மாள் வந்து நின்றாள்.

"உள்ள வாங்கம்மா. சம்பூர்ணம் எப்படி இருக்கா?"

"போய்ட்டாம்மா. மஞ்சக்காமாலை. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி."

கனகமாலா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பொட்டியில அவ குரல் இருக்குதில்ல? ஒரே ஒரு தபா கேட்டுட்டுப் போயிடறேன். ஒரு போட்டோ கூட நாங்க புடிச்சி வைக்கலமா."

டேப் சென்னையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சொன்னால் இவள் மறுபடி வருவாள், வந்துகொண்டே இருப்பாள்.

"அழிச்சிட்டேம்மா."

செல்லியம்மாளுக்குப் புரியவில்லை. "அழிக்கறதுன்னா?"

"அதுமேல வேற பாட்டு பதிஞ்சிட்டேன்."

"அப்ப அடியில இருக்குமில்ல?"

கனகமாலா அந்த டேப்பைப் போட்டாள். முதியவர் ஏற்றம் இறைத்துக்கொண்டு பாடினார். செல்லியம்மாள் பெட்டியருகே குனிந்து, அவர் பாடி முடிக்கும்வரை காதை எடுக்கவில்லை.

"நீங்களாவது பாடுங்கம்மா. படிச்சவங்க, எழுதி வச்சிருப்பீங்க."

நாற்பத்திரண்டு பாட்டுக்கு ஸ்வரம் எழுதி வைத்திருந்தாள். அந்த ஒன்றுக்கு எழுதவில்லை. மெட்டு நினைவிருந்தது, முதல் அடிக்குமேல் வார்த்தை வரவில்லை. செல்லியம்மாளிடமே கேட்டாள்.

"எனக்கும் தெரியாதும்மா. அவ தெனம் ஒரு மாதிரி மாத்திப் பாடிக்கினு இருப்பா."

கனகமாலா வார்த்தை இல்லாமல் வெறும் மெட்டைப் பாடினாள். பாதியிலேயே செல்லியம்மாள் அவள் கையைத் தொட்டாள்.

"போதும்மா. நல்லாத்தான் பாடறீங்க. அது அவ இல்ல."

கனகமாலாவின் அம்மா கொடுத்த மோரை நின்றபடியே குடித்துவிட்டுச் செல்லியம்மாள் பஸ்ஸுக்குப் போனாள்.

மாசியில் கனகமாலா கூரத்துக்குப் போய், சம்பூர்ணத்தோடு நாற்று நட்ட பெண்களை விசாரித்தாள். ஒருத்தி சொன்ன வரி இன்னொருத்தி சொன்னதோடு சேரவில்லை. கிடைத்த நாலு வரியை எழுதிக்கொண்டு செல்லியம்மாளின் குடிசைக்குப் போனாள். அவள் வெளியே வந்து, கனகமாலா படித்ததைக் கேட்டாள்.

"கோவமில்லம்மா. ஆனா இனிமே பாட்டு கேட்டுக்கினு இந்தப் பக்கம் வராதீங்க."

ஆய்வேட்டைக் கொடுத்த அன்றே டேப் ரிக்கார்டரையும் துறையில் திருப்பி வைத்தாள். பேராசிரியர், ஆய்வேடு நன்றாக வந்திருக்கிறது என்றார்.

"சார், அந்தப் பொண்ணு செத்துப்போச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பொண்ணும்மா?"

கனகமாலா பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். அழித்த பாட்டைச் சொன்னாள். அவருக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.