எதிர்க்குரலுக்கு விட்ட இடம்

1

போன மாதம் என் மகள் தீபிகா ஊருக்குக் கிளம்பும்போது நல்ல மழை. “மழை விடட்டும். அப்புறம் போ” என்றேன். சொன்ன பிறகுதான் அது நாடகத்து வரி என்பது நினைவுக்கு வந்தது. பதிலுக்காகக் காத்து நின்றேன். தீபிகா குடையை விரித்துவிட்டாள். பதில் வரி தெரிந்தவள் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘தொண்ணூற்று நான்காம் ஆண்டு, தியாகராய நகரில், தேன் போன்ற குரல் கொண்ட ஒரு பெண்—’

அடித்துவிட்டேன். என் மனைவி புஷ்பத்தின் குரல் கரகரப்பானது. ஆனால் எங்கள் துணிக்கடையில் அவள் விலை சொன்னால் யாரும் பேரம் பேசமாட்டார்கள்.

(கதைக்குள் என்னைக் கணேசமூர்த்தி என்றே எழுதப்போகிறேன். ‘நான்’ என்று எழுதினால், எழுதுகிற இடமெல்லாம் நானே வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.)

3

ரவிக்கைத் துணி விற்கும் சின்னக் கடை. மத்தியானம் கூட்டம் இருக்காது. ரேடியோவில் நாடகம் ஓடும். புஷ்பம் துணியை மடித்துக்கொண்டே பாத்திரங்களுக்குப் பதில் சொல்வாள். ஒரு தடவையாவது தன் குரல் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வர வேண்டும் என்பது அவள் ஆசை. வானொலி நிலையத்துக்கு எழுதிப் போட்டாள். குரல் தேர்வுக்கு அழைப்பு வந்தது: ஏதாவது ஒரு காட்சியைத் தயாரித்து வர வேண்டும்.

அவளே ஒன்று எழுதினாள். மழை நாள்; கோபித்துக்கொண்டு கிளம்பும் மனைவி, தடுக்கும் கணவன். கணவன் வரிகளைக் கணேசமூர்த்தி வாசித்தார். ஐந்தாவதோடு படிப்பை விட்டவர். விரலை வரிக்கு அடியில் ஓட்டி, எழுத்துக்கூட்டி வாசிப்பார்.

“ஏட்டி, மறுபடியும் ‘சொல்லுதேன்’னு சொல்லுத. ரேடியோவுக்கு ‘சொல்றேன்’னு சொல்லு.”

“திருத்துத ஆளைப் பாரு. முதல்ல உங்க வரியை வாசிங்க. மழை விட்டு வெயிலே வந்துரும்.”

“மழை… வி… விடட்டும். அப்புறம் போ.”

“மழை எப்பவோ விட்டாச்சு.”

அதுதான் காட்சியின் கடைசி வரி. அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

(அந்த மாதங்களில்தான் அவருக்கு வாசிப்பு பிடிபட்டது. கதை எழுதுகிற துணிச்சல் வந்தது ரொம்பப் பின்னால்.)

4

இனி ஒலிப்பதிவு அறை. அங்கே நான் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனவே அவள் சொன்னதை எழுதுகிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேர்வாளர்கள். “எதிர்ப்பாத்திரத்தை விட்டுவிட்டு, உங்கள் வரிகளை மட்டும் தொடர்ந்து வாசியுங்கள்” என்றார்கள். அவள் முதல் வரியை வாசித்தாள். நிறுத்தினாள். கணேசமூர்த்தி தன் வரியை எழுத்துக்கூட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் நின்றாள். இரண்டாவது வரிக்குப் பிறகும் அப்படியே.

“ஏம்மா நின்னுட்டீங்க? படிங்க” என்று குரல் வந்தது.

“அவிய பேசிக்கிட்டு இருக்காவ, சார்.”

(உறவினர்களிடம், தொண்டை கட்டிக்கொண்டது என்றுதான் சொன்னாள். எது நடந்தது என்று என்னிடம் சாட்சி இல்லை. நான் இதை வைத்துக்கொள்கிறேன்.)

5

வெளியே வந்து கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். நொச்சிக்குப்பத்தில் சங்கரா மீன் பார்த்தார்கள்.

“இன்னா நைனா, சண்டையா? அம்மா மூஞ்சி கருவாடு மாதிரி கீது” என்றாள் மீன்காரம்மா.

புஷ்பம் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப என்னாலயா?” என்றார் கணேசமூர்த்தி.

“உங்களுக்கு இடம் விடாம நான் எப்படிப் பேசுதது? மீனை வாங்குங்க.”

தேர்வாகவில்லை என்று சில வாரத்தில் கார்டு வந்தது.

6

முடிவு ஒன்று: அடுத்த வருஷம் அவள் தேர்வாகிறாள், கடை ரேடியோவில் அவள் குரல் வருகிறது. இரண்டு பக்கம் எழுதினேன். அதில் அவளுக்குப் பதில் சொன்னவன் பயிற்சி பெற்ற நடிகன். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு, நடந்தது: ஒரு வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். அந்த வருஷம் கடையை மாற்றினோம். அடுத்த வருஷம் தீபிகா பிறந்தாள். மழைக்காலம் வரும்போதெல்லாம் “இந்தத் தடவை எழுதிப் போடணும்” என்பாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். எந்த மழையோடு நிறுத்தினாள் என்று எவ்வளவு யோசித்தும்—

7

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. நீங்கள் முடித்துவையுங்கள். என் வரியை நான் வாசிக்கிறேன். இப்போது திக்காமல் வாசிப்பேன். அவள் வரி உங்களுக்குத் தெரியும். அவசரம் இல்லை. எழுத்துக்கூட்டி வாசித்தாலும் காத்திருக்கிறேன்.

கணவன்: மழை விடட்டும். அப்புறம் போ.

மனைவி: