தேசிக்காய் அடைத்த ஊற்று

புத்தூரில் என் கிணற்றுக்கு மேற்கே ஒரு பழைய கல்லுக் கிடங்கு கிடக்கிறது. முன்பு சுண்ணாம்புக்கல் உடைத்த பள்ளம். அதற்கு லொறி போவதென்றால் என் காணி மூலையால்தான் போகவேண்டும். குப்பை கொட்ட அந்தக் கிடங்கை எடுத்திருந்த சிவகரன் வந்து வழி கேட்டபோது எனக்கும் அங்கேயே வேலை தருவதாகச் சொன்னான். நான் மூலை வேலியைப் பிடுங்கி வழி விட்டேன்.

லொறியில் வரும் பொதிகளை வெட்டி, தடித்த பிளாஸ்ரிக்கைப் புறம்பாக எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கிடங்குக்குள் தள்ளிச் செம்மண் போடுவதுதான் வேலை. கொழும்பு ஹோட்டல் குப்பை என்றான் சிவகரன்.

கொழும்புக் குப்பையென்றால் ஒரு சிங்கள எழுத்தாவது இருக்கவேண்டாமா? ஒரு பிஸ்கட் உறைகூட நம் நாட்டுடையதாக இல்லை. எல்லாம் கண்டறியாத சொப்பிங் பைகள். இன்னொன்று, சிவகரன் என் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதே இல்லை. கடைத் தண்ணீர்ப் போத்தலோடு வருவான். வெறும் போத்தலைக் கிடங்குக்குள் எறிந்துவிட்டுப் போவான்.

என்னோடு வேலை செய்த யாகோப்பு குருநகர்க்காரன். அவன் மகள் றொசாந்தி பிரான்சில் இருக்கிறாள்.

“மகள் சொல்லுறாள், அங்கை இப்ப கடையிலை சொப்பிங் பை குடுக்கிறேல்லையாம். சட்டம் வந்திட்டுதாம். துணிப் பையோடைதான் போறாளாம்” என்றான்.

“அப்ப இருந்த பையெல்லாம் எங்கை?”

“அங்கை புதைக்கவும் விடமாட்டாங்களாம், எரிக்கவும் விடமாட்டாங்களாம். அதுதான் எங்களைப் பாக்க வந்திருக்கு. விசாவும் தேவையில்லை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் நிவேதனா பிள்ளை பெற்று என் வீட்டில் இருந்தாள். பிள்ளையைக் குளிக்க வார்ப்பதும் அவளுக்கு மருந்துச் சரக்குத் தண்ணி காய்ச்சுவதும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான்.

நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய், எலுமிச்சங்காய்தான், நிலத்தடியால் போய்க் கீரிமலைக் கேணியில் மிதந்ததென்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கிடங்கின் அடியில் மழைத் தண்ணீர் நின்றது. அது என் கிணற்றுக்கு வருகிறதா என்று அறிய, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் சுற்றிய தேசிக்காய்களை அதற்குள் போட்டுவிட்டு, தினமும் விடியக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

“ஊறுகாய் போட வச்ச காயைக் கொண்டுபோய் எறிஞ்சுபோட்டு, இப்ப கிணத்தடியிலை தவம் கிடக்கிறார்” என்றாள் மனைவி பிரதீபா.

கதை சிவகரனுக்கும் போய்விட்டது. “பாத்தியளே அண்ணை, உங்கடை கிணத்துக்கும் உதுக்கும் ஒரு தொடுசலுமில்லை. பேசாமல் வேலையைப் பாருங்கோ.”

காய் வராததால் நானும் கொஞ்சம் மனம் ஆறிப்போனேன்.

மழை விட்ட பிறகு வழமைபோலக் கிணறு இறைத்தோம். பம்ப் போட்டு வற்றவைத்து, சேறு அள்ள நான் இறங்கினேன். பீறிட்டு வரும் ஊற்று அன்று நூலாகக் கசிந்தது. கல் வெடிப்புக்குள் கையை விட்டேன். வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்ரிக் கிழிசல், பந்துபோல இறுகி வந்தது. அதற்குப் பின்னால் ஒரு தேசிக்காய். கறுத்து அழுகியிருந்தது. சிவப்பு நூல் மட்டும் அறவில்லை. பிறகு தண்ணீர் பாய்ந்தது, கிடங்கின் அதே மணத்தோடு.

“என்ன அண்ணை கிடக்கு?” மேலே நின்ற யாகோப்பு கேட்டான்.

“என்ரை காய்தான். வராமல் நிக்கேல்லை. வழி மறிச்சுக் கிடந்திருக்கு.”

அடுத்த நாள் காலை லொறிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் சிவகரன் வந்தபோது, நான் மூலையில் அலவாங்கால் குழி போட்டுக் திரும்ப வேலி அடைக்கக் கிளுவைக் கதியால் நட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னண்ணை இது? உங்கடை வேலையும் இதோடை போகுமெல்லே.”

“ஓம் தம்பி, போகும்.”

நான் சொல்லி வைத்தபடி பிரதீபா தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். “குடியுங்கோ தம்பி. எங்கடை கிணத்துத் தண்ணி. பேரப்பிள்ளைக்கும் இதுதான் வாக்கிறனாங்கள்.”

அவன் கோப்பையைப் பார்த்தான். கை நீளவில்லை. “என்னட்டைத் தண்ணி இருக்கு அக்கா.”

நான் அடுத்த கதியாலை நட்டு மண்ணை மிதித்தேன்.

லொறி ஒழுங்கையால் பின்பக்கமாகவே போனது. வீதியில் ஏறியதும் வந்த வழியே யாழ்ப்பாணப் பக்கம் திரும்பவில்லை. பருத்தித்துறைப் பக்கம் திரும்பியது. அங்கே யார் வேலி பிடுங்கி வைத்திருக்கிறார்களோ. பிள்ளைக்குத் தண்ணீர் இப்போது கோயில் கிணற்றில் அள்ளுகிறேன். அதையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாளியை விடுகிறேன்.